நாற்பத்து மூன்றாம் அடைப்பு

சின்னக்கானலுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காவல்காரர்கள் சுட்ட தோட்டா ஒவ்வொன்றும் சுருளிவேலின் கைபட்டுப் போனதுதான். சீமையிலிருந்து பெட்டியில் வரும் தோட்டா மழைக்காலத்தில் மலையேறி வருவதற்குள் ஊறிப்போய்விடும். அதனால் பித்தளைக் கூடுகளை வாங்கி வைத்துக்கொண்டு, சுட்ட கூட்டையே திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அடியில் பொறி கிளப்பும் கேப்பை மாற்றி, வெடிமருந்து அளந்து போட்டு, அட்டை வைத்து, ஈய ரவை போட்டு, மேலே இன்னோர் அட்டை வைத்து அழுத்தினால் ஒரு தோட்டா. சுருளிவேல் இந்த வேலைக்கு வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பஞ்ச காலத்தில் போடி வழியாக மலையேறி, களை வெட்டும் ஆட்களில் ஒருவராகத்தான் வந்து சேர்ந்தார். அப்போதிருந்த பழைய துரை வேட்டைப் பிரியர். எழுதத் தெரிந்த, கை நடுங்காத ஆள் ஒருவன் வேண்டும் என்று கேட்டபோது கங்காணி இவரைக் காட்டினார். துரை இவரை ஸ்டோருக்குள் உட்காரவைத்து இரண்டே சங்கதிதான் சொன்னார்: ஒரு தோட்டா போல அடுத்த தோட்டா இருக்க வேண்டும், எப்படி அடைத்தாய் என்று நாளைக்குக் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

அந்த இரண்டாவது சங்கதிக்காகச் சுருளிவேல் ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு முறை அடைப்பதற்கும், வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடங்கி, ஒரு நம்பர். எந்தத் தேதி, எந்த டப்பா மருந்து, எந்த அளவுக் குவளை, எத்தனை கூடு, அந்தக் கூடு எத்தனையாவது முறை அடைபடுகிறது, யாருக்குக் கொடுத்தது, சுட்டபின் கூடு எப்படித் திரும்பி வந்தது, எல்லாம் அதில் இருக்கும். கேப்பு வெடிக்கவில்லை என்றால் அது. கூட்டின் வாய் கீறியிருந்தால் அது. பழைய துரை சீமைக்குப் போய், வேறு பெரிய துரையும் அவருக்குக் கீழே ஒரு சின்ன துரையும் வந்த பிறகு அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. ஸ்டோர் ரைட்டர் அர்த்தநாரி இங்கிலீஷில் வைத்திருந்த ஸ்டாக் புக்கில் மருந்து இவ்வளவு, தோட்டா இத்தனை என்ற எண்ணிக்கை மட்டும்தான் ஏறும். கேட்காவிட்டாலும் சுருளிவேல் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எழுதாமல் அடைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

மலையாளக் கணக்கில் தொண்ணூத்தொம்பது வெள்ளம் என்கிற பெருவெள்ளம் கழிந்து இரண்டாம் வருஷம் இது நடந்தது. அதற்குள் புகையில்லாத புது மருந்து வந்துவிட்டது. பழைய கரிமருந்தும் தீர்ந்தபாடில்லை. கரிமருந்துக்குப் பெரிய குவளை. புது மருந்துக்கு வேகம் அதிகம், பெரிய குவளையில் பாதி பிடிக்கும் சின்னக் குவளைதான். இரண்டு குவளையும் மேஜைக்கு மேலே தனித்தனி ஆணியில் தொங்கும். சின்ன ஆணி, பெரிய ஆணி என்று அவர் மனைவி குருவம்மாளுக்குக்கூடத் தெரியும்.

ஆடி மாதம் நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அர்த்தநாரி இங்கிலீஷ் மாதக் கடைசி நிறுவைக்கு ஸ்டோருக்கு வந்தார். சித்தூர்ப் பக்கத்து மனிதர். கோபக்காரர் இல்லை, ஆனால் பயந்த சுபாவம். தராசில் டப்பாவை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஏப்பா சுருளி, புது மருந்து கொறையுதே."

"குறையாதுய்யா. நல்லாப் பாருங்க."

"ரெண்டு தடவை பாத்தாச்சு. நீயே வந்து பாரு."

சுருளிவேல் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. கொஞ்சநஞ்சம் என்றால் சிந்தியது என்று சொல்லலாம். இது சிந்திய அளவு இல்லை.

அர்த்தநாரி குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துல மருந்து வெளிய போச்சுன்னு தேவிகுளத்துலருந்து போலீஸ்காரங்க வந்து ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனாங்க, தெரியுமல்லோ? திங்கக்கெழமை மத்தியானம் பெரிய துரை மூணாருல இருந்து வந்துருவாரு. புஸ்தகத்துல நான் கையெழுத்துப் போட்டாகணும். அதுக்குள்ள அது எங்க போச்சுன்னு நீ சொல்லிப்போடு. இல்லாட்டி நான் என்னத்தப்பா பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுருளிவேல் ஸ்டோரிலேயே கிடந்தார். டப்பாவில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் முக்கிப் பார்க்க முடியாது. மருந்தைத் துணியில் கொட்டிவிட்டு விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். பலகை இடுக்கைத் துடைப்பக்குச்சியால் சுரண்டினார். பூட்டைப் பார்த்தார். சாவி தன்னிடத்தில்தான் இருந்தது. தன்னிடத்தில் இருந்து சாவியை எடுக்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்தபோது புத்தி போகக்கூடாத இடத்துக்குப் போனது.

குருவம்மாளின் தம்பி சின்னமுத்து காவல்காரர்களில் ஒருவன். சூரியநெல்லிப் பக்கத்து எல்லையில் அவனுக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில்தான் சாப்பாடு. அன்று அவன் வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்கும்போது சுருளிவேல் கேட்டுவிட்டார்.

"மாப்ளே, மறைக்காமச் சொல்லு. ஸ்டோர்லருந்து மருந்து கிருந்து எடுத்தியா?"

சின்னமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

"நானா அத்தான்?"

"இல்ல, யாராவது கேட்டாகன்னு..."

"பதினாலு வயசுல ஒங்க கையப் புடிச்சிக்கிட்டு இந்த மலை ஏறுனவன் நான். என்னையப் பாத்து இதக் கேக்கணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

அவன் எழுந்து போய்விட்டான். குருவம்மாள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுருளிவேலுக்கு அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் கடைசியாக நோட்டை எடுத்தார். திருட்டு என்று தேடிப் பார்த்தாகிவிட்டது. இனி, எழுத்தில் தேட வேண்டும். புது மருந்து டப்பா திறந்த நாளிலிருந்து ஒவ்வோர் அடைப்பாகக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டல் சரியாகவே இருந்தது. அப்புறம் ஒரு யோசனை. குறைகிற எடைக்குச் சமமாகச் சின்னக் குவளையால் மருந்தை அளந்து தராசுத் தட்டில் போட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது குவளையில் தட்டு சமமாக நின்றது.

எட்டு. அரையும் இல்லை, காலும் இல்லை. திருடுகிறவன் குவளையால் அளந்தா திருடுவான்?

பக்கங்களைத் திருப்பினார். நாற்பத்து மூன்றாம் அடைப்பில் விரல் நின்றது. அவருடைய எழுத்துத்தான்.

"ஆடி 4. அடைப்பு 43. புது மருந்து. கூடு இருபது. பன்னிரண்டு முடிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் அதிகம் என்று ஆள் வந்தது. போய்த் திரும்பி மீதி எட்டு. எட்டிலும் மேல் அட்டை வாய்க்குக் கிட்ட நிற்கிறது. ஈரத்தில் அட்டை ஊதியிருக்கும்."

அந்த நாள் அப்படியே கண்முன்னால் வந்தது. மகள் சின்னத்தாய்க்கு நாலு வயது. உடம்பு அனலாகக் கொதிக்க, கண் மேலே சொருகிக்கொண்டது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மருந்து உள்ளே இறங்கி, அவள் "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் ஸ்டோருக்குத் திரும்பினார். அன்று காலையில் கரிமருந்துத் தோட்டா அடைத்திருந்தார். பெரிய குவளையை ஆணியில் மாட்டாமல் மேஜையிலேயே வைத்திருந்தார். திரும்பி வந்தவர் கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறார். எட்டுக் கூட்டிலும் இரண்டு பங்கு மருந்து. அட்டை ஏன் மேலே நிற்கிறது என்று கண் பார்த்திருக்கிறது, கை எழுதியிருக்கிறது. மனசு மட்டும் மகளிடத்தில் இருந்தது.

மருந்து எங்கேயும் போகவில்லை. எட்டுத் தோட்டாவுக்குள் இருக்கிறது. அந்த எட்டில் எதைப் போட்டுச் சுட்டாலும் துப்பாக்கியே வெடித்துச் சிதறும்.

யாருக்குக் கொடுத்தோம் என்ற பத்திக்கு விரலை நகர்த்தினார். சுவக்கீன், ஆறு. சுடலை, ஆறு. சின்னமுத்து, எட்டு.

நோட்டை மடியில் கட்டிக்கொண்டு ஓடினார்.

சுவக்கீன், ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் நின்றிருந்தார். வயதான காவல்காரர், நிதானமானவர். "ரெண்டு சுட்டுட்டேன், பன்னிக்கு. ஒண்ணும் ஆகலியே?" என்று மீதி நாலையும் நீட்டினார். சுருளிவேல் வாய்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டில் அட்டை உள்ளே இறங்கியிருந்தது. இரண்டில் விளிம்போடு நின்றது. மொத்தத்தையும் பிடுங்கிக்கொண்டு நகர்ந்தார். சுடலை லயத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பையிலிருந்த ஆறில் மூன்று.

ஐந்து ஆயிற்று. மீதி மூன்றும் சின்னமுத்துவிடம் இருக்க வேண்டும்.

"அவன் எங்க?"

"காலையில எல்லையில ஆனை எறங்கிருச்சுன்னு தகரத்தத் தட்டுற ஆளுகளோட போனான்" என்றான் சுடலை.

சூரியநெல்லி எல்லைக்கு ரோட்டு வழியாகப் போனால் நேரமாகும். சுருளிவேல் தேயிலைச் செடிகளுக்குள் நேராக இறங்கினார். மழை விட்டு விட்டுப் பெய்தது. செடிக்கிளை தொடையைக் கிழித்தது. காலில் அட்டைப்பூச்சி ஏறியதை அவர் கவனிக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய உடம்பு. ஓடை தாண்டும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போனது. நொண்டிக்கொண்டே ஓடினார். முந்தின நாள் அவன் கீழே வைத்த தம்ளர்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கிடைத்தால் போதும். முருகா, அந்த எட்டில் முதலில் நல்லது கைக்கு வரட்டும். நல்லதே வரட்டும்.

கீழே தகரம் தட்டும் சத்தம் கேட்டது. ஆட்கள் ஊளையிட்டார்கள். மூடுபனிக்குள் யாரும் தெரியவில்லை.

"மாப்ளே! சுடாத! சின்னமுத்து, சுடாதலே!"

தகரச் சத்தம் அவர் குரலைத் தின்றது. இன்னும் இறங்கினார். பனி ஒரு கணம் விலகியபோது கல்லின் மேல் ஏறி நின்ற உருவம் தெரிந்தது. துப்பாக்கி மேல்நோக்கி இருந்தது. யானையைச் சுடுவதில்லை, ஆகாயத்தில் சுட்டு விரட்டுவதுதான். சுருளிவேல் துண்டை உருவி ஆட்டினார். அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெடிச் சத்தம் எப்போதும் கேட்கும் சத்தமாக இல்லை. தகரம் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது.

சின்னமுத்து கல்லுக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். குழல் வாழைப்பூ போல விரிந்திருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்த கைக்குள் இருந்தது கை மாதிரியே இல்லை. முகமெல்லாம் கரும்புள்ளி. கண் தப்பியிருந்தது. சுருளிவேல் துண்டைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். கட்டும்போது அழவில்லை. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கியபோதுதான் அழுதார்.

பையில் மீதித் தோட்டா ஆறு இருந்தது. நடந்துகொண்டே வாய்ப்பக்கம் பார்த்தார். ஒன்றுதான் விளிம்போடு நின்றது. ஐந்தும் ஒன்றும் ஆறு. வெடித்ததோடு ஏழு. ஒன்று குறைகிறது.

"மாப்ளே, கேக்குதா? ஒனக்கு எட்டுக் குடுத்தேன். வெடிச்சது ஒண்ணு, பையில ஆறு. இன்னொண்ணு எங்க?"

அவன் உதடு வெளுத்திருந்தது. "எடுக்கல அத்தான். மருந்து நான் எடுக்கல."

"தெரியும்யா, தெரியும். நீ எடுக்கல. தப்பு என்னோடது. தோட்டா ஒண்ணு எங்க?"

"சின்ன துரை... காலையில குதிரையில போனாரு. காட்டுக்கோழிக்கு ஒண்ணு குடுன்னாரு. குடுத்தேன்."

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கதவைச் சாத்திக்கொண்டார். குருவம்மாள் ஓடிவந்து கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். சுருளிவேல் அவள் பக்கம் போகத் துணியாமல் படியிலேயே நின்றார். அங்கேதான் அர்த்தநாரி வந்து அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். சுருளிவேல் நடந்ததைச் சொல்லி நோட்டைக் காட்டினார். அர்த்தநாரிக்கு வேர்த்துவிட்டது.

"இத வேற யாருக்காச்சும் காட்டுனியா?"

"இல்லய்யா."

"அப்ப அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. பழைய துப்பாக்கி, கொழல்ல சேறு அடைச்சுருந்துது, வெடிச்சுருச்சு. அவ்வளவுதான். மருந்து ஈரத்துல கெட்டுப்போச்சு, கொட்டிட்டோம்னு நான் எழுதிக்கறேன். உனக்கும் ஒண்ணுமில்லை, எனக்கும் ஒண்ணுமில்லை."

"சின்ன துரைகிட்ட ஒண்ணு இருக்கு."

"அவர் அதைச் சுடுவாரோ, மாட்டாரோ. பாக்கெட்லயே கெடந்தாலும் கெடக்கும்."

"சுட்டா?"

அர்த்தநாரி டிஸ்பென்சரிக் கதவைப் பார்த்தார். "உனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குதப்பா" என்றார். "லயத்தை விட்டு எறக்கி உட்டா இந்த மழையில எங்க போவே? போலீஸ் வந்தா?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. சுருளிவேலுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தாளைக் கிழிக்க ஒரு நொடி ஆகாது. எழுதியவர் அவர், படித்தவர்கள் இரண்டே பேர். உள்ளே சின்னமுத்து அலறினான். கம்பவுண்டர் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த அலறலைக் கேட்டுக்கொண்டு இன்னொரு கைக்காகக் காத்திருக்க முடியுமா என்று அவர் தன்னையே கேட்டார். முடியாது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

பெரிய துரை அப்போதுதான் மூணாரிலிருந்து வந்து பங்களா வராந்தாவில் நனைந்த கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழங்காலில் ரத்தமும் வேட்டியில் சேறுமாக வந்து நின்றவரை அவர் அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது.

"துரை, சின்ன துரைகிட்ட ஒரு கெட்ட தோட்டா இருக்கு. சுடாமத் தடுக்கணும்."

"என்ன கெட்ட தோட்டா? யார் சொன்னது?"

சுருளிவேல் நோட்டைப் பிரித்து நீட்டினார். துரைக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. "நீ படி" என்றார்.

அவர் படித்தார். தன் எழுத்தைத் தானே உரக்கப் படித்தார். பன்னிரண்டு முடிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் அதிகம் என்று ஆள் வந்தது. போய்த் திரும்பி மீதி எட்டு. 'ஈரத்தில் அட்டை ஊதியிருக்கும்' என்ற இடத்தை இரண்டு முறை படித்தார். துரை முழுவதையும் கேட்டார். எது பெரிய குவளை, எது சின்னக் குவளை என்று கேட்டார். அப்புறம் உள்ளே போய் டெலிபோனைச் சுழற்றினார்.

சின்ன துரை போடிமெட்டு பங்களாவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியிருந்தார். கோழி ஒன்றும் கண்ணில் படவில்லையாம். தோட்டா துப்பாக்கிக்குள்ளேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பார்க்கலாம் என்று நினைத்திருந்தாராம்.

துரை திரும்பி வந்தபோது சுருளிவேல் வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எட்டுக்கும் கணக்குக் கிடைத்தது" என்றார் துரை. நோட்டை வாங்கி மேஜை மேல் வைத்தார். "நீ திருடன் இல்லை. போலீஸ் வராது. ஆனால் நீ இனி இங்கே மருந்து தொட முடியாது. உன்னை வைத்துக்கொள்ள முடியாது. புரிகிறதா?"

"புரியுதுங்க துரை."

"நீ இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்."

சுருளிவேல் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

சின்னமுத்துவுக்கு இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நின்றன. காவலுக்கு ஒற்றைக் கைக்காரன் எதற்கு என்று அவனுக்கும் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். மழை விட்ட ஒரு நாளில் நாலு பேருமாகப் போடிக்கு இறங்கினார்கள். சின்னத்தாயை சின்னமுத்து வலது தோளில் தூக்கிக்கொண்டான். சுருளிவேல் வாங்கப் போனபோது, "இந்தத் தோள் நல்லாத்தானே இருக்கு அத்தான்" என்றான். அவன் அன்றைக்கே மன்னித்துவிட்டான். அதுதான் சுருளிவேலுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

போடியில் ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் காய் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. தோட்டா அடைக்கத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு வேட்டைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் தேடி வந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தெரியாது என்று சொல்லி அனுப்பினார்.

குருவம்மாள் மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் அவரிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. தம்பியின் கைக்காக என்னை வெறுக்கிறாள், வெறுக்கட்டும் என்று அவர் இருந்துவிட்டார். ஏழெட்டு மாதம் அப்படியே போனது.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, சின்னமுத்து பொதிமாட்டுக்காரரோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். இரண்டு விரலுக்கு நடுவில் தலைக்கயிற்றைச் செருகிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். ஒரு முறை வழுக்கியது. மறுபடி போட்டான். குருவம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு தெரு திரும்பியதும் அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்" என்றாள்.

சுருளிவேல் திரும்பிப் பார்த்தார். "என்னது?"

"அன்னிக்கு ஒங்களுக்கு ஆளு அனுப்புனது நான்தான. கம்பவுண்டர்ட்ட நானே தூக்கிட்டு ஓடியிருக்கலாம். ஸ்டோர்ல மருந்து வேலை நடக்குது, கூப்பிடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பினேன். எந் தம்பி கைய நான்தான் தின்னேன்."

இத்தனை மாதமும் அவள் தன்மேல் கோபமாக இருந்தாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் தன்னையே வைதுகொண்டிருந்திருக்கிறாள், ஒரே கூரையின் கீழ், அவருக்கு மூன்று முழ தூரத்தில்.

"பிள்ளைக்குக் கண்ணு சொருகிப் போச்சு. நீ ஆளு அனுப்பாம என்ன செய்வ?" என்றார்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்று அவர் கிடங்குக்குப் போகவில்லை. வெயில் வாசலுக்கு வந்தபிறகும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். சின்னத்தாய் எழுந்து வந்து, பசிக்கிறது என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பிடித்து இழுத்தாள்.